ஒரு சித்திரவதைக்காரரின் ஓய்வூதியம்

போலீஸ் அதிகாரி ஒருவரின் கொடுமை வெளியே வந்தால் அவருக்கு என்ன தண்டனை என்று கேட்கிறோம். ஓய்வுக்குப் பிறகு அவர் எங்கே வாழ்ந்தார், யார் பணத்தில் வாழ்ந்தார் என்று கேட்பதில்லை. சிகாகோவின் ஜான் பர்ஜ் கதையை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும்.

1969 டிசம்பர் 4 விடியற்காலையில், கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஃபிரெட் ஹாம்ப்டனை அவருடைய படுக்கையிலேயே சிகாகோ போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டு, வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த பர்ஜ் அதே போலீசில் சேர்ந்தார். 1972-இல் துப்பறிவாளர் ஆனார். (கறுஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்றுப் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.) கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரின் தென்பகுதியில், ‘ஏரியா 2’ என்ற பிரிவில் அவருக்கு வேலை. அவரும் அவருக்குக் கீழிருந்தவர்களும் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். தட்டச்சு இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைத் தலையில் மாட்டி மூச்சை அடைத்தார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலங்களை வைத்துச் சிலருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது.

மேலிடத்துக்குத் தெரியாமல் நடந்ததா? 1982-இல், இரண்டு போலீசாரைக் கொன்ற வழக்கில் கைதான ஆண்ட்ரூ வில்சனின் உடலில் இருந்த தீக்காயங்களைப் பார்த்துவிட்டுச் சிறை மருத்துவர் ஜான் ராபா போலீஸ் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அது அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் எம். டேலியின் மேசைக்குப் போனது. பர்ஜ் மீது வழக்கு எதுவும் இல்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. டேலி 1989-இல் மேயராகி 22 ஆண்டுகள் நகரை ஆண்டார்.

அதே ஏரியா 2-வில் ஃபிராங்க் லாவர்ட்டி என்றொரு துப்பறிவாளரும் இருந்தார். 12 வயதுச் சிறுமியைக் கொன்றதாக ஜார்ஜ் ஜோன்ஸ் என்ற பள்ளி மாணவன் மீது வழக்கு. ஜோன்ஸ் குற்றவாளி அல்ல என்று விசாரணையில் லாவர்ட்டி கண்டிருந்தார். மேலதிகாரிகளுக்கு எழுதியும் இருந்தார். அந்தக் குறிப்பு மறைக்கப்பட்டது. விசாரணை நடக்கிறது என்று பத்திரிகையில் படித்தவர், ஜோன்ஸின் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். பையன் தப்பினான். லாவர்ட்டியிடம் சக போலீசார் பேசுவதை நிறுத்தினார்கள். கடைசியில், புதிதாகச் சேர்பவர்கள் சோதனைக்குச் சிறுநீர் கொடுப்பதை நின்று கண்காணிக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. ஒதுக்கிவைப்பதும் இழிவான வேலையைத் தலையில் கட்டுவதும் எப்படி வேலை செய்யும் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பர்ஜை 1993-இல் பதவிநீக்கம் செய்தார்கள். அவர் புளோரிடாவில் கடலோர ஊரொன்றில் குடியேறினார், படகு ஒன்றும் வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘விஜிலான்டே’: சட்டத்தைத் தன் கையில் எடுப்பவன்! சித்திரவதைக்கு வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டது. சிவில் வழக்கொன்றில் சித்திரவதையே நடக்கவில்லை என்று பொய் சொன்னதற்காகத்தான் 2010-இல் அவர் குற்றவாளி ஆனார். நான்கரை ஆண்டு சிறை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2011 ஜனவரியில் ஓய்வூதிய வாரியத்தில் நடந்த வாக்கெடுப்பு. போலீஸ் பணியோடு தொடர்புடைய பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்கிறது இல்லினாய் சட்டம். எட்டுப் பேர் கொண்ட வாரியம் நாலுக்கு நாலு என்று பிரிந்தது. பர்ஜுக்கு ஆதரவான நால்வரும் போலீசில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். பொய் சொன்னபோது அவர் பணியில் இல்லை, ஆகவே அது பணி தொடர்பான குற்றம் அல்ல என்பது அவர்கள் வாதம். எதைப் பற்றிப் பொய் சொன்னார் என்பது கணக்கில் வரவில்லை. பறிக்கப் பெரும்பான்மை இல்லாததால் மாதம் மூவாயிரம் டாலருக்கு மேல் தொடர்ந்தது, அவர் சிறையில் இருந்தபோதும். மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் இதை எதிர்த்து வழக்குத் தொடர முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது.

பாதிக்கப்பட்டவர்களும் அவர்களின் குடும்பங்களும் பல்லாண்டு போராடிய பிறகு, 2015-இல் நகரமன்றம் 55 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஆளுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம். பணத்தைவிடப் பெரிய வெற்றி, அரசுப் பள்ளிகளில் 8, 10ஆம் வகுப்புகளில் இந்த வரலாற்றைப் பாடமாக வைக்கச் செய்தது. 2018-இல் பர்ஜ் இறந்தார். முழு உண்மையும் இன்னும் சொல்லப்படவில்லை என்று வருந்தியது போலீஸ் சங்கம்!

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9ஆம் விதி, ஓய்வூதியத்தைப் பறிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. ஆனால் பணியில் இருக்கும்போதே நடவடிக்கை தொடங்காவிட்டால், ஓய்வுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழைய சம்பவத்துக்காகத் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. வாச்சாத்தியில் கொடுமை நடந்தது 1992-இல், தீர்ப்பு வந்தது 2011-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இழுத்தடிப்பதால் யாருக்கு லாபம் என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

‘ஆயுதப்படைக்கு மாற்றம்’ என்ற செய்தியோடு நாம் கலைந்துவிடக் கூடாது. காவல் நிலையக் கொடுமைக்கு எதிராகத் தெருவில் நிற்கும்போது, ‘கைது செய்’ என்பதோடு சேர்த்து, துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தாயிற்றா, எந்தத் தேதியில், அந்த அதிகாரி எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.