பொய்லருக்குள்ள தண்ணி இருக்கோ?

போன எபிசோட்டில ஸ்மார்ட் ஹோம் பற்றிக் கதைக்கும்போது, "ஹீட்டிங்கை ஆப்பிடம் குடுத்திட்டு மறந்திடலாம்" எண்டு நான் பெருமையடிச்சது ஞாபகம் இருக்கோ? அதை இண்டைக்குத் திருப்பி எடுக்கிறேன். ஏன் எண்டு சொல்கிறேன்.

போன நவம்பர், ஹரோவில் இருக்கிற அப்பா அம்மா வீட்டு ஹோலுக்குப் பெயின்ட் அடிக்க வெளிக்கிட்டேன். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். வழமையாக இரண்டு பக்க வால்வையும் பூட்டினால் போதும். ஆனால் ஒரு வால்வு பூட்டவும் ஒழுகிக்கொண்டே இருந்தது. சரி எண்டு கார்டனுக்கு ஒரு ஹோஸ் பிடிச்சு, முழு ஹீட்டிங் சிஸ்டத்தின் தண்ணியையும் வெளியே விட்டேன். பொய்லரின் பிரஷர் முள் பூச்சியத்துக்கு வந்தது. "ஹீட்டிங்தான் இல்லை அம்மா, குழாயில சுடுதண்ணி வரும், நீங்கள் பாவிக்கலாம்" எண்டு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரவு எட்டு மணிக்கு அம்மாவின் வாட்ஸ்அப் கோல். "தம்பி, சுடுதண்ணி வரேல்லை. பொய்லர் ஏதோ நம்பர் காட்டுது."

"ரீசெட் பட்டனை அமத்துங்கோ."

அமத்தினா. திரும்பவும் அதே நம்பர். "இன்னொருக்கா அமத்துங்கோ." நாலு தரம். அந்த நம்பர் என்ன சொல்லுது எண்டு நான் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சவன், எரர் மெசேஜை வாசிக்காமல் ரீட்ரை அடிக்கச் சொல்லிக்கொண்டு இருந்தேன். பின்னால இருந்து அப்பாவின் குரல் கேட்டது: "அதுக்குள்ள தண்ணி இருக்கோ எண்டு கேள். வெறும் பானையை அடுப்பில வைக்கிற கதையா இருக்கப்போகுது."

அப்பா சொன்னதுதான் சரி. நான் விட்ட பிழை பலரும் விடுகிற பிழை. ஹீட்டிங் வேறு, சுடுதண்ணி வேறு எண்டு நினைத்தேன். கொம்பி பொய்லரில் அப்படி இல்லை. நெருப்பு குழாய்த் தண்ணியை நேராகச் சூடாக்குவதில்லை. முதலில் ஹீட்டிங் சுற்றில் ஓடுகிற தண்ணியைச் சூடாக்கும். அந்தத் தண்ணி உள்ளே இருக்கிற ஒரு சின்னத் தட்டு எக்ஸ்சேஞ்சருக்குள் போய், தன் சூட்டைக் குழாய்த் தண்ணிக்குக் கொடுக்கும். அந்தச் சுற்றைக் காலியாக்கினால் இரண்டுமே இல்லை.

தண்ணி இல்லாமல் நெருப்பு பத்தினால் என்ன நடக்கும்? ஒரு கணக்குப் போடுவம். சாதாரண கொம்பி ஒன்று 24 கிலோவாட். கிச்சனில் இருக்கிற 3 கிலோவாட் கெட்டில் எட்டை ஒரே நேரத்தில் போட்டது போல. அந்தச் சூட்டைக் காவிக்கொண்டு போக, நிமிடத்துக்குச் சுமார் 17 லீட்டர் தண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்பவும் தண்ணி 20 பாகை சூடேறும். ஓட்டம் இல்லாமல் உள்ளே ஒரு லீட்டர் மட்டும் நிற்கிறது, முழுச் சூடும் அதுக்குள்ள போகிறது எண்டு வையுங்கள். 20 பாகையில் இருந்து கொதிக்க 14 செக்கன்தான். அதுவும் இல்லை எண்டால் சூடு முழுக்க உலோகத்துக்கு. எக்ஸ்சேஞ்சர் வளையும், வெடிக்கும். தன் தாங்கிகளுக்குத் தண்ணியையே எண்ணெய் மாதிரிப் பாவிக்கிற பம்பும் உலர்ந்து தேயும். பதறிப்போய் அந்தச் சூட்டுக்குள்ள குளிர்தண்ணியைத் திறந்துவிட்டால் இன்னும் மோசம். தண்ணி உடனே நீராவியாகும், உலோகம் பிளக்கும்.

இப்ப உங்களில் ஆராவது கேட்பீங்கள்: "புது பொய்லர் எண்டால் அதுவே நிண்டிடும்தானே?" உண்மை. எங்கட வீட்டிலும் அதுதான் நடந்தது. பிரஷர் குறைவு எண்டு சென்சர் கண்டுபிடித்து, நெருப்பைப் பத்தவே விடவில்லை. ஒரு சேதமும் இல்லை.

ஆனால் அதை வைத்துத் தப்பினோம் எண்டு சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சென்சர் கடைசிக் காவல். அதை நான் வழமையான கொன்ட்ரோலாகப் பாவித்தேன். பழைய சிஸ்டத்தில் ஊறுகிற கறுப்புச் சேறு அந்தச் சென்சரின் வாயை அடைக்கலாம். பழைய பொய்லர்கள் சிலதில் பிரஷர் சென்சரே இல்லை, ஓவர்ஹீட் தெர்மோஸ்டாட் மட்டும்தான். அதுவும் தண்ணியின் சூட்டை அளக்க என்று வைத்தது. தண்ணி இல்லாத இடத்தில் அது காட்டுகிற எண்ணை எப்படி நம்புவது?

படிக்கும்போது தெராக்-25 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்கள். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கிற இயந்திரம். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுமீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, உயிர்களும் போயின. திரையில் 'மல்ஃபங்ஷன் 54' எண்டு வரும். அடிக்கடி ஏதோ ஒரு எரர் வருவதால், இயக்குபவர்கள் 'பி' விசையை அமத்தித் தொடரப் பழகியிருந்தார்கள். லெக்சர் ஹோலில் இதைக் கேட்டபோது, "எப்படி இப்படி அமத்துவினம்?" எண்டு யோசித்தேன். இப்ப தெரியும். வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு நாலு தரம் நானே சொல்லியிருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, நான் பூட்டிவிட்ட ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அட்டவணைப்படி எழும்பி, "வீடு குளிருது, பத்து" எண்டு காலியான பொய்லரிடம் கேட்டது. அதில பிழை சொல்ல முடியாது. அதுக்குத் தெரிந்தது அறையின் வெப்பநிலை மட்டும்தான். ஓப்பன்தெர்மில் பிரஷரைச் சொல்ல வழி இருக்கு, ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். எங்கட வீட்டில் இருப்பது வெறும் ஓன்-ஓஃப் ரிலே. ஆப்பில் 'விடுமுறை' மோட் இருக்கு, 'தண்ணி இறக்கியிருக்கு' எண்டு ஒரு மோட் இல்லை. இருக்க வேண்டும் எண்டு நினைக்கிறேன். ஆனால் இருந்தாலும் நான் அதை மட்டும் நம்பமாட்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: தண்ணியை இறக்க முதல் கரண்டை நிப்பாட்டுங்கள். ஆப்பில் இல்லை, பொய்லருக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற பியூஸ் சுவிச்சில். அதில் ஒரு துண்டு ஒட்டுங்கள்: "தண்ணி இல்லை. போடக் கூடாது." குளிர் கூடினால் தானே பத்துகிற உறைபனிக் காப்பும் அப்போதுதான் நிற்கும். கொம்பி வீட்டில் அண்டைக்குக் கெட்டில்தான். சிலிண்டர் இருக்கிற வீட்டில், சிலிண்டர் நிறைந்திருந்தால் இமேர்ஷன் ஹீட்டர் போடலாம், அந்தத் தண்ணி வேறு. திரும்ப நிரப்பும்போது பொய்லர் ஆறியிருக்க வேண்டும். பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை நிரப்பி, ரேடியேட்டர்களில் காற்றை எடுத்து, மறுபடி முள்ளைப் பாருங்கள். துருத் தடுப்புத் திரவத்தையும் மறக்க வேண்டாம், பழையது தண்ணியோடு போய்விட்டது. அதுக்குப் பிறகும் எரர் வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். காஸ் சேஃப் பதிவுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்களில் கனபேர் வீட்டில் இருபத்திநாலு மணிநேர ஐடி சப்போர்ட். வைஃபை, டிவி, ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் எல்லாம் எங்கட தலையில. நாங்கள் சொன்னால் அம்மா கேள்வி கேட்காமல் அமத்துவா. அதனால்தான் சொல்கிறேன், அடுத்த முறை "ரீசெட் அமத்துங்கோ" எண்டு வாயில வர முதல், அப்பா கேட்ட கேள்வியை ஒருக்காக் கேளுங்கோ.

ஹோல் வடிவாய்த்தான் வந்திருக்கு. நான் பிறகு ஒட்டின துண்டை மட்டும் அம்மா இன்னும் கழற்ற விடுறா இல்லை.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.