நிலாவுக்கு நிழல், கர்ப்பிணிக்குப் பட்டினியா?

இந்தத் தடவை ஒரு வாசகியின் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். "அக்கா, எனக்கு இது ஏழாம் மாசம். சர்க்கரை கொஞ்சம் கூட இருக்குன்னு டாக்டரம்மா வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க. சந்திர கிரகணம் வந்தா மத்தியானத்தோட சாப்பாட்டை நிறுத்திடணும், தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, கத்தியைத் தொட்டா பிள்ளைக்கு உதடு பிளந்துடும்னு வீட்டுல சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?"

இப்படிக் கேட்கும் பெண்கள் நிறையப் பேர். அதனால் கிரகணம் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பயம் பாதி அதிலேயே போய்விடும்.

உங்கள் வீட்டுச் சாத்துக்குடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் பூமி. அப்படியானால் நிலா ஒரு சின்ன நெல்லிக்காய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். நடுவில் ஏழு அடி இருக்க வேண்டும். நிஜத்தில் அது 3,84,000 கிலோமீட்டர். சூரியன் ஒரு பக்கம், நிலா மறுபக்கம், நடுவில் பூமி, அன்றைக்குப் பௌர்ணமி. சூரிய வெளிச்சத்தில் பூமிக்குப் பின்னால் ஒரு நீண்ட நிழல் விழுகிறது. நிலா அதற்குள் நுழைந்தால் சந்திர கிரகணம். அவ்வளவுதான் விஷயம். ஆரியபட்டர் கி.பி. 499-லேயே இதைக் கணக்கோடு எழுதி வைத்துவிட்டார்.

"அப்படின்னா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரகணம் வரணுமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நிலாவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், நெல்லிக்காய் ஏறக்குறைய ஒரு சாண் மேலேயோ கீழேயோ போய்விடலாம். அங்கே விழும் நிழலின் அகலமோ ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலில் படாமல் தப்பித்துக்கொள்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் பௌர்ணமி அமைந்தால்தான் மாட்டிக்கொள்ளும்.

முழுதாக மாட்டிக்கொண்டாலும் நிலா கறுத்துப்போவதில்லை, தாமிரச் சொம்பு நிறத்தில் சிவக்கிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியைக் கொஞ்சம் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. சாயங்கால வானம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். இதில் விஷமும் இல்லை, கெட்ட கதிரும் இல்லை.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? அந்த நேரத்தில் எங்கெல்லாம் வானத்தில் நிலா இருக்கிறதோ, அங்கெல்லாம் தெரியும். அதாவது பாதி உலகத்துக்கு. 2025 செப்டம்பர் 7 இரவு சுமார் பத்து மணிக்கு ஆரம்பித்த கிரகணம் இந்தியா முழுவதற்கும் தெரிந்தது. 82 நிமிஷம் நிலா முழுதாக மறைந்திருந்தது. அமெரிக்காவில் அப்போது பகல், அங்கே தெரியவில்லை. 2007 ஆகஸ்ட் 28-ல் வந்த கிரகணத்தின்போது நமக்குச் சாயங்காலம் நாலு மணி. சென்னையில் நிலாவே உதிக்கவில்லை. சூரிய கிரகணம் இப்படியல்ல. 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல் வழியாகப் போன ஒரு குறுகிய பட்டையில் இருந்தவர்களுக்குத்தான் முழு வளையம் தெரிந்தது. சூரியனைப் பார்த்தால் கண் கெடும், அதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும். சந்திரனை வெறும் கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

இனி உதட்டுப் பிளவு. குழந்தைக்கு உதடு உருவாவது கர்ப்பத்தின் நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அப்போதுதான். மேல் அண்ணமும் மூன்றாம் மாதத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. ஏழாம் மாசத்தில் காய் நறுக்கினால் சேர்ந்த உதடு எப்படியம்மா பிரியும்? பரம்பரை, புகைபிடித்தல், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை, வலிப்புக்கான சில மருந்துகள் இவையெல்லாம் அந்தக் குறைக்குக் காரணமாகலாம். (அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.) அப்படி ஒரு குழந்தை பிறந்தாலும் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம். 'கிரகணத்துல வெளியே வந்தியா?' என்று தாயைக் குற்றவாளியாக்குவதுதான் பெரிய பாவம்.

பட்டினியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் இருப்பது எந்தக் கர்ப்பிணிக்கும் நல்லதல்ல. பால் குடிக்கும் குழந்தைக்கும் கிரகணம் கிடையாது. சாதம் கெடுவது நிழலால் அல்ல, மணிக்கணக்காக வெளியே வைப்பதால். தர்ப்பை போட்டாலும் போடாவிட்டாலும் மூடி வையுங்கள். மீந்ததைச் சீக்கிரம் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

இதற்காக மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். குளிக்கச் சொன்னால் குளியுங்கள், ஸ்லோகம் சொல்லச் சொன்னால் சொல்லுங்கள், நஷ்டமில்லை. ஆனால் வேளைச் சாப்பாடு, தண்ணீர், மருந்து மூன்றையும் விடாதீர்கள். அடுத்த செக்-அப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் பத்துத் தடவை சொல்வதை டாக்டரம்மா ஒரு தடவை சொன்னால் போதும்.

2028 டிசம்பர் 31 இரவு, புதுவருஷம் பிறப்பதற்கு முன்னால், இந்தியாவில் நன்றாகத் தெரியக்கூடிய முழுச் சந்திர கிரகணம் இருக்கிறது. பத்து மணி வாக்கில் நிலா முழுதாகச் சிவந்துவிடும். குழந்தைகளைச் சாப்பிட வைத்து மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடி வேண்டாம், கறுப்பு ஃபிலிம் வேண்டாம். ஒரு பாயும் கொசுவத்தியும் போதும்.