கார்டை மட்டும் மலையேத்தினா போதுமா?

கொல்லிமலை மாதிரி ஊர்ப் பள்ளிக்கு ராஸ்பெரி பை வைக்கிற புராஜெக்ட் நல்லதுதான். ஆனா கார்டு நிரம்பிட்டா, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி யார் போய்ச் சரிபண்றது? அங்கிருக்கிற பசங்களுக்கே சொல்லிக்கொடுத்துட்டு வரணும்.

விஷயம் சின்னதுதான். 8 ஜிபி கார்டை 'டிடி' கமாண்டில் 32 ஜிபி கார்டுக்குக் காப்பி பண்ணினா, பழைய பார்ட்டிஷன் அளவும் அப்படியே வந்துடும். மிச்ச இடம் சும்மா கிடக்கும். முதல்ல பேக்கப் எடுங்க. அப்புறம் 'பார்ட்டெட்'டில் பார்ட்டிஷன் எல்லையைத் தள்ளணும். பிறகு 'ரீசைஸ்2எஃப்எஸ்' கொடுத்து ஃபைல் சிஸ்டத்தை விரிக்கணும். முதல் வேலையோட நின்னா 'டிஎஃப்' பழைய கணக்கையே காட்டும்.

"ராஸ்பி-கான்ஃபிக்ல ஒரே ஆப்ஷன் போதுமே" என்பீங்க. சரி, அது கைவிடுற அன்னிக்கு? காரணம் தெரிஞ்ச பசங்க மலையிலயே சரிபண்ணிடுவாங்க. மெஷினோட அதையும் சேர்த்து ஏத்துங்க நண்பர்களே.