மகனின் கண்டுபிடிப்புக்குப் பணம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் வாழை. பத்தாவது வரை படித்த என் மகன், தார் வெட்டிய மரத்தைப் பொடியாக நறுக்கி, சாணத்தோடு கரைத்து எரிவாயு எடுத்து, அதில் டீசல் இன்ஜினை ஓட்டுகிறான். இதுவரை 70,000 ரூபாய் செலவு. "மத்திய அரசில் 10 லட்சம் வாங்கித் தருகிறேன், முன்பணம் 25,000 கொடுங்கள்" என்கிறார் ஒருவர். மிச்சமிருக்கும் வளையலை அடகு வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. நான் கீழே சொல்லும் எந்த உதவிக்கும் தரகர் தேவையில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்குத் தருவது மானியம். அது அங்கீகாரம் பெற்ற கருவியை வாங்குவதற்கு மட்டுமே. புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதற்கான நிதி வேறு இடத்திலிருந்து வருகிறது.

அங்கே கேட்கும் முதல் கேள்வி, "இதில் புதியது என்ன?" என்பதுதான். சாண எரிவாயுவையும் டீசலையும் சேர்த்து இன்ஜின் ஓட்டுவது பழைய சங்கதி. ஆனால், வாழை நார் குழாயை அடைக்குமே, அதற்கு உங்கள் மகன் என்ன வழி செய்தார்? புதுமை அங்கேதான் இருக்கும். அதைப் படம் வரைந்து எழுதச் சொல்லுங்கள். தினமும் எத்தனை கிலோ மரம், எத்தனை கிலோ சாணம், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எத்தனை லிட்டர் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். வாயுவை இரும்புத் துருவல் வழியாக விட்டால் இன்ஜின் அரிப்பும் குறையும்.

இனி, போக வேண்டிய இடங்கள்.

தேசிய புத்தாக்க நிறுவனம், காந்திநகர், குஜராத்: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2000-ல் தொடங்கியது. பட்டம் பெறாத விவசாயி, பட்டறைக்காரர் போன்றோருக்கானது. அசாமில் மேதர் உசேன், முஷ்டாக் அகமது என்ற சகோதரர்கள் நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க மூங்கிலில் காற்றாலை செய்தார்கள். செலவு சுமார் 5,000 ரூபாய்தான். இந்த நிறுவனத்தின் கண்ணில் பட்ட பிறகு, அதைத் திருத்தி குஜராத் உப்பளங்களிலும் நிறுவினார்கள்.

தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், சென்னை: தமிழக அரசின் இந்நிறுவனம் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் முதல் கட்டத்துக்கு 2 லட்சம் வரையும், அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரையும் தருகிறது.

நிதி பிரயாஸ்: அந்த நபர் சொல்லும் 10 லட்சம் இதுவாக இருக்கலாம். மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் வரை உண்டு. ஆனால் தொழில் காப்பக மையங்கள் வழியாக, தேர்வு நடத்தித்தான் கொடுப்பார்கள். ஒருவர் சிபாரிசில் கைக்கு வரும் பணமல்ல.

கருவியைக் காட்டி யோசனை கேட்க, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையை அணுகுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் யூடியூபில் போடாதீர்கள். ஊரறிந்த பிறகு அது புதியதாகக் கருதப்படாது. தனிநபர் இணையவழியில் தற்காலிக விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும்.

தேர்வாகாமலும் போகலாம் அம்மா. அப்படியானாலும் உங்கள் இன்ஜின் ஓடும், டீசல் மிச்சமாகும். வளையலும் கையில் இருக்கும்.