கானரிக் குருவியைப் பழக்குதல்

சிஞ்ச்வட்டில் வாழும் நம்மவர்க்குக் கிளி வளர்க்கும் ஆசை இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்; ஊரிலிருந்து கொண்டுவந்தது என்பது சமாதானமாகாது. பல நூற்றாண்டுகளாகக் கூண்டிலேயே வழிவழி வளர்ந்துவரும் கானரிக்கு அத்தடை இல்லை.

என் மகளுக்காகச் சென்ற ஆண்டு ஒன்று வாங்கினோம். ஆண் குருவியே நன்கு பாடும். வாங்குவோர் கேட்டறிந்து வாங்குக. முதல் வாரம் அருகமர்ந்து மெல்லப் பேசுவதன்றி வேறொன்றும் செய்யலாகாது. பின்னர் உள்ளங்கையில் சிறிது தினை வைத்து, கூண்டினுள் கையை அசையாது வைத்திருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கள் குருவி விரலில் வந்தமர இருபத்தாறு நாளாயிற்று. அவசரப்பட்டுப் பிடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கூண்டைச் சமையலறைச் சன்னலில் தொங்கவிட்டது எமது பிழை. ஒருநாள் மிளகாய் தாளித்த புகையில் நாங்கள் இருமினோம். குருவியோ இறகைச் சிலிர்த்து, வாய் பிளந்து, கூண்டின் அடியில் கிடந்தது. மகள் அழுதாள். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்னறிய இக்குருவியையே வைத்திருந்தனர். 1986இல்தான் அதற்கு மாற்றாகக் கருவிகள் வைக்க முடிவாயிற்று. இதனைப் படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை! கூடத்துக்கு மாற்றியபின் பிழைத்தது. பத்து நாள் பாடவில்லை. பதினோராம் நாள் விடியலில், நான் வேலைக்குப் புறப்படுகையில், பாடிற்று.

இறகு உதிரும் காலத்திலும் பாட்டு நிற்கும். அதற்காக அஞ்ச வேண்டா.