புதுசு போட்டால் போதுமா?

சாயங்காலம் சில நாள் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறி மேலே ஒரு சத்தம் கேட்கும். சேலம் காமலாபுரம் பக்கமிருந்து வரும் சின்னப் பயிற்சி விமானம். போன வாரம் என் தங்கை மகளின் வீட்டுக்காரர், தறிப்பட்டறை வைத்திருப்பவர், அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் மாமா, இந்த மாதிரி சின்ன ப்ளேனெல்லாம் நாப்பது அம்பது வருசத்து வண்டியாமே? ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டறதுக்கு, தேஞ்ச சாமானத்தை எல்லாம் ஒரேயடியா புதுசா மாத்திப் போட்டா நிம்மதியில்லீங்களா?"

விமானப்படையில் டெக்னீசியனாக இருந்து, வெளியே வந்து லைசென்ஸ் வாங்கி, பல வருசம் பயிற்சி விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அரை நிமிசத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வயதைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. உலகம் முழுக்கப் பறக்கக் கற்றுக்கொடுத்த செஸ்னா 152 விமானத்தை 1977 முதல் 1985 வரைதான் செய்தார்கள். இன்று எங்கே ஒரு 152 பறந்தாலும் அதற்கு வயது நாற்பது ஆகிவிட்டது. நம் எச்.ஏ.எல். செய்த புஷ்பக் 1958-ல் முதன்முதலில் பறந்தது. இரும்புக் குழாய்ச் சட்டமும் மேலே துணியும். ஜே.ஆர்.டி. டாடா 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதன் ஐம்பதாம் ஆண்டில், 1982-ல், தன் 78-வது வயதில் அதே வழியில் பழைய லெபர்ட் மாத் விமானம் ஒன்றைத் தானே ஓட்டி வந்தார். எனவே பழசு என்பதே குற்றமில்லை. இன்ஜினை எடுத்துக்கொண்டால், 172-ல் இருக்கும் நாலு சிலிண்டர் லைகமிங்குக்கு 2000 மணி நேரத்தில் ஓவர்ஹால் என்று கணக்கு. அப்போது கிராங்க் ஷாஃப்டை அளந்து பார்த்து, அளவுக்குள் இருந்தால் அதையே போடுவோம். பேரிங்கும் ரிங்கும் கட்டாயம் புதுசு. அப்படி இரண்டு மூன்று முறை பிரித்துக் கோத்த இன்ஜினில் எது பழசு, எது புதுசு என்று யார் சொல்வது?

மாப்பிள்ளை கேட்டதில் எனக்கு உறுத்தியது "நிம்மதி" என்ற சொல்தான். அந்த நிம்மதிக்கு ஒரு முறை நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு பயிற்சிப் பள்ளி, பெயர் வேண்டாம். 172 ஒன்றுக்கு 100 மணி நேரப் பரிசோதனை. சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைவிட்டு, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். மூன்று சிலிண்டர் எழுபதுக்கு மேல் காட்டியது. ஒன்று 58. அறுபதுக்குக் கீழே போனால் கேள்வி கேட்க வேண்டும் என்பது பழைய வழக்கம். புகைபோக்கியில் காதை வைத்தேன், உஸ்ஸென்று வந்தது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை. இந்த மாதிரி சமயத்தில் கொஞ்சம் பறக்கவிட்டுச் சூட்டோடு மறுபடி அளந்து பார்க்கலாம் என்று இன்ஜின் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கரித்துகள் ஏதாவது வால்வு சீட்டில் சிக்கியிருந்தால் அது தானே போய்விடும். ஆனால் மாணவர்கள் காத்திருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர், "புதுச் சிலிண்டர் இருக்கே, போட்டுவிடுங்கள், நிம்மதி" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. புதுசு போட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

இந்த இன்ஜினில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகள் சிலிண்டரை மட்டும் பிடிப்பதில்லை. கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும், உள்ளே இருக்கும் மெயின் பேரிங்கையும் சேர்த்து நெருக்கிப் பிடிப்பது அவைதான். ஒரு சிலிண்டரைக் கழற்றினால் அந்தப் பிடி தளர்கிறது. திரும்பப் பூட்டும்போது வரிசைப்படி, டார்க் ரெஞ்சு வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கீழ்ப்பக்கத்து இரண்டு நட்டுக்கு ரெஞ்சு சரியாக எட்டவில்லை. கைப்பழக்கத்தில் முறுக்கினேன். இத்தனை வருசக் கை, தப்பாது என்று நினைப்பு.

35 மணி நேரம் கழித்து எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்தேன். மினுமினுவென்று துகள். காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. இரும்பு இல்லை என்றால் பேரிங். இன்ஜினை இறக்கிப் பிரித்ததில், பேரிங் ஓடு ஒன்று நகர்ந்து எண்ணெய்த் துளையைப் பாதி மூடியிருந்தது. அந்த 35 மணி நேரத்துக்குள் ஒரு மாணவி தன்னந்தனியாக முதல் தடவை அந்த விமானத்தில்தான் பறந்துவிட்டு, இனிப்பு கொண்டுவந்து எனக்கும் கொடுத்திருந்தாள்.

கழற்றிய பழைய சிலிண்டர்? வால்வு சீட்டில் கரி. வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, அளந்து, வேறொரு இன்ஜினில் ஏற்றினோம். நன்றாகவே ஓடியது.

இது என் ஒருவனின் கைக்கோளாறு மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப்படையின் பழுதுக் கணக்கை வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு 50 மணி நேரப் பரிசோதனையும் முடிந்து வந்த உடனே பழுதுகள் கூடின. நாளாக நாளாகக் குறைந்தன. பரிசோதனையே பழுதைக் கொண்டுவந்தது! 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் எழுதிய அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பெரிய விமானங்களின் பாகங்களில் வயதாக ஆகத் தேய்ந்து கெடுகிறவை 11 சதவீதம்தான்; 68 சதவீதம் புதிதாகப் பூட்டிய ஆரம்ப நாளில்தான் அதிகம் கெட்டன. சின்ன விமானத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் புதுசு என்றால் பத்திரம் என்ற எண்ணத்துக்கு அது போதுமான அடி.

அதற்காக ஒட்டுப் போடுவதே மேல் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து மூளை பழுதுபார்க்கிற மூளை. நாமக்கல்லில் லாரி டயருக்கு ரீட்ரெட், திருச்செங்கோட்டு ரிக் எந்தக் காட்டில் நின்றாலும் அங்கேயே வெல்டிங். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ரிக் நின்றால் தரையில் நிற்கும்.

2005 டிசம்பர் 19-ம் தேதி மயாமியில் கிளம்பிய ஒரு கிரம்மன் மல்லார்டின் வலது இறக்கை காற்றிலேயே கழன்று விழுந்தது. கடலிலும் தரையிலும் இறங்கும் சின்ன விமானம், 1947-ல் செய்தது. இருந்த 20 பேரும் இறந்துபோனார்கள். விசாரணையில் தெரிந்தது: அந்த இறக்கையில் எரிபொருள் கசிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வரும்போதெல்லாம் அடைத்திருக்கிறார்கள். விரிசலுக்கு மேல் தகடும் வைத்திருக்கிறார்கள். ஏன் கசிகிறது என்று கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை. உள்ளே உலோகம் அசந்து, வெடிப்பு வளர்ந்துகொண்டே இருந்தது.

அவர்கள் காரணம் தேடாமல் அடைத்தார்கள். நான் காரணம் தேடாமல் மாற்றினேன். எனக்கு இரண்டும் ஒரே தப்பாகத்தான் தெரிகிறது. அவர்களுக்கு நேர்ந்தது எனக்கு நேரவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுக்கே இடமில்லாமல் மாற்ற வேண்டியவையும் உண்டு. செஸ்னாவில் பைலட் சீட் ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். அதில் வரிசையாக இருக்கும் துளையில் ஒரு பின் விழுந்து சீட்டைப் பிடிக்கும். வருசக்கணக்கில் தேய்ந்து துளை நீள்வட்டமாகிவிடும். கிளம்பி மூக்கைத் தூக்கும்போது பின் நழுவினால் சீட் பின்னால் ஓடும். ஓட்டுகிறவர் பிடிக்கு ஸ்டியரிங்கைத்தான் பிடித்து இழுப்பார். மூக்கு இன்னும் மேலே போகும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். இப்படி உயிர்கள் போன பிறகு 1987-ல் அமெரிக்க விமானத்துறை, 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை துளையை அளக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அளவு மீறினால் தண்டவாளம் புதுசு. ஒருவர் என்னிடம், "சேலத்தில் சொன்னால் துளையை வெல்ட் வைத்து அடைத்து, மறுபடி துளைத்துத் தருவார்களே" என்றார். தருவார்கள், அழகாகவே தருவார்கள். ஆனால் சூடு பட்ட இடத்தில் அந்த அலுமினியத்தின் பதம் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டும் அப்படியே. லேத்தில் கடைந்தது பார்க்க இன்னும் பளபளப்பாக இருக்கும். ஆனால் எந்த இரும்பு, எவ்வளவு சூட்டில் பதப்படுத்தியது என்று காகிதம் சொல்ல வேண்டும். காகிதம் இல்லாத போல்ட் என் டப்பாவுக்குள் வந்ததில்லை.

ஏ.எம்.ஈ. படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன் போரோஸ்கோப்பைக் கொடுங்கள் என்று எங்கே பேசக் கூப்பிட்டாலும் சொல்கிறேன். சிலிண்டரைக் கழற்றாமலே வால்வின் முகத்தைப் பார்த்துவிடலாம். அன்றைக்கு என்னிடம் அது இல்லை. பொறுமையாவது இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டு, தன் பட்டறையில் மூன்றாம் தறிக்கு இந்த மாதம் இரண்டாவது பிக்கர் மாற்றியதைச் சொன்னார்.

"ஏன் தேயுது?" என்றேன்.

"நாளைக்குப் பாக்கோணுமுங்க மாமா."