முந்தைய இரவே தொடங்கிய ஆட்டம்

1975 ஜூலை 5, விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி. ஆர்தர் ஆஷ் ஜெயிப்பார் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. எதிரே நடப்புச் சாம்பியன் ஜிம்மி கானர்ஸ். வயது 22. இறுதிக்கு வரும்வரை ஒரு செட்கூட இழக்காதவர். ஆஷுக்கு 32 முடிய ஐந்து நாள்தான் பாக்கி. அதற்குமுன் கானர்ஸோடு மோதிய மூன்று முறையும் தோல்வி.

ஆஷ் இயல்பிலேயே பந்தை வேகமாக அடிப்பவர். கானர்ஸுக்கோ அந்த வேகம்தான் தீனி. அரையிறுதியில் ராஸ்கோ டானர் இடிபோல அடித்ததையெல்லாம் அதைவிட வேகமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். இறுதிக்கு முந்தைய இரவு ஆஷும் நண்பர்களும் உட்கார்ந்து பேசி முடித்தது ஒன்றே: வேகத்தைக் கொடுக்கவே கூடாது. சர்வீஸை அகலமாக வெட்டி பேக்ஹேண்ட் பக்கம் இழுப்பது, ஃபோர்ஹேண்டுக்குத் தாழ்வான சொத்தைப் பந்து, முன்னே வந்தால் தலைக்கு மேல் லாப். மறுநாள் முதல் இரண்டு செட்டும் 6-1, 6-1.

நம் ஊர் ஜூனியர் போட்டிகளில் இந்த ‘முந்தைய இரவு’தான் காணாமல் போகிறது. காலையில் அவசர அவசரமாக இட்லி, கோர்ட் வாசலில் அப்பாவின் கடைசி நிமிட உபதேசம்: “பயப்படாதே, அடிச்சு ஆடு!” பையனுக்கு அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வருகிறது. மனத்தயாரிப்பு என்றாலே உசுப்பேற்றுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் நான்கு சர்வீஸ் எங்கே விழ வேண்டும், 30-40-இல் எந்தப் பக்கம் என்று முன்னிரவே முடிவாகியிருந்தால், கோர்ட்டுக்குள் யோசிக்க வேண்டியது பாதியாகக் குறையும். ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்தது தொடங்க விதி தருவது 25 விநாடிதான்.

உடம்பும் அப்படித்தான். ஆட்டத்துக்குமுன் கோர்ட்டில் கிடைக்கும் ஐந்து நிமிட வாம்-அப், பந்தின் துள்ளலையும் காற்றையும் பார்த்துக்கொள்ள மட்டுமே போதும். வியர்வை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். காலை நீட்டி ஒரு நிமிடம் அப்படியே இழுத்துப் பிடிக்கும் பழக்கம் இன்னும் பல மைதானங்களில் தொடர்கிறது. அது தசையின் விசையைச் சற்று நேரத்துக்குக் குறைத்துவிடும் என்று ஆய்வுகள் பலமுறை காட்டியாயிற்று. மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், கால் வீச்சு, தோள் சுழற்சி என்று அசைந்தபடி சூடேற்றுவதே சரி.

ரஃபேல் நடால் ஆடிய காலத்தில், ஆட்டத்துக்குமுன் குளிர்ந்த நீரில் குளிப்பார். தண்ணீர் பாட்டில்களை நாற்காலிக்கு முன்னால் அளந்துவைத்தாற்போல அடுக்குவார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது ராசி பார்ப்பதல்ல. ஒரே வரிசையில் ஒரே காரியங்களைச் செய்து மனத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவரும் வழி.

சடங்கு மட்டும் சோறு போடாது என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி வென்றார் நடால். ஆட்டம் முடிந்தபோது இரவு வெகுநேரமாகிவிட்டது. இறுதியில் மிகைல் யூஷ்னியிடம் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கேம்: 0-6, 1-6. ஓய்வில்லாத கால்களிடம் எந்த மன உறுதியும் செல்லுபடியாகாது. அடுத்தடுத்த நாள்களில் வயதுப் பிரிவுகள் மூன்றில் பிள்ளைகளை ஆடவிடும் பெற்றோர் இந்த ஸ்கோரை எழுதி வீட்டில் ஒட்டிவைக்கலாம்.

ஆஷுக்கும் அந்த 1975 இறுதி ஆட்டம் சுலபமாக முடிந்துவிடவில்லை. மூன்றாவது செட்டை கானர்ஸ் 7-5 என்று பறித்தார். நான்காவதில் 3-0 என முன்னேறினார். பழைய பழக்கத்துக்கே திரும்பி ஓங்கி அடிக்க எவருக்கும் கை துடிக்கும் நேரம் அது. ஆஷ் இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து வந்து மறுபடி அதே வெட்டு சர்வீஸ், அதே சொத்தைப் பந்து. அந்த செட் 6-4 என்று அவருக்கே வந்தது.